டாக்டர் ஆவ் எந்த வயதில் டாக்டர் ஆனார்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். பிள்ளை பெற்றவர்கள் கட்டாயம் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவர் குருசுக்குப்பத்தில் என் வீட்டுக்கு வந்தார். இப்போது எலக்ட்ரீஷியன் வேலை. மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான், கல்லூரி ஃபுட்பால் டீமில் ஆடுகிறான். மூன்று அரியர்.

"டீச்சர், நான் சொன்னா காதுலயே வாங்க மாட்டேங்கிறான். நீங்க சொன்னா கேப்பான். பந்தை விட்டுடச் சொல்லுங்க. அதுவும் இவன் பேக் ஆடுறவன் டீச்சர், ஒரு கோல்கூடப் போடறதில்ல" என்றார்.

சொல்லிவிட்டு, தன் போனில் ஒரு ஃபார்வர்டு மெசேஜைக் காட்டினார். டாலிமெரென் ஆவ் என்ற நாகா வீரர், லண்டன் ஆர்சனல் கிளப் கூப்பிட்டும் போகாமல், படிப்புதான் முக்கியம் என்று ஊருக்குத் திரும்பி டாக்டர் ஆனாராம். "பாருங்க டீச்சர், எவ்வளவு பெரிய ஆட்டக்காரரே விட்டுட்டார்" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று காபி கொடுத்து அனுப்பினேன். அந்த மனிதரைப் பற்றித் தேடிப் படித்துப் பார்த்தேன். மெசேஜில் இருந்தது பாதிக் கதை. மீதியையும் சொல்லத்தான் இந்தப் பதிவு.

டாலிமெரென் ஆவ் 1918-இல் நாகா மலையில் சாங்கி என்ற கிராமத்தில் பிறந்தவர். அப்பா பாதிரியார். மகன் டாக்டராகித் தன் மக்களுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அவர் டைபாய்டு காய்ச்சலில் இறந்துபோனார். மகன் அந்த ஆசையை விடவில்லை. குவஹாத்தி காட்டன் கல்லூரியில் படித்துவிட்டு, 1942-இல் கல்கத்தா கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். இன்று ஆர்.ஜி. கர் என்று நாம் செய்திகளில் கேட்கிற அதே கல்லூரி.

மறு வருஷமே மோகன் பகான் கிளப்பில் சேர்ந்துவிட்டார். கோல் போடும் இடத்தில் ஆடவில்லை, எதிரியைத் தடுக்கும் ஹாஃப் பேக். அந்த வருஷங்களில் கல்கத்தா எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். உலகப் போர், 1943 பஞ்சம், 1946 கலவரம், அப்புறம் பிரிவினை. இத்தனைக்கும் நடுவில் அவர் டாக்டருக்குப் படித்தார், பந்தும் ஆடினார். பிறகு அந்த கிளப்புக்கே கேப்டன் ஆனார்.

1948-இல் லண்டன் ஒலிம்பிக். சுதந்திர இந்தியா கலந்துகொண்ட முதல் ஒலிம்பிக். தொடக்க விழாவில் தேசியக் கொடியை ஏந்திப் போனவர் இவர்தான், ஃபுட்பால் டீமுக்குக் கேப்டனும் இவர்தான். ஜூலை 31-ஆம் தேதி நடந்த மேட்சில் எதிரில் நின்றது யார் தெரியுமா? பிரான்ஸ்.

இதைப் படித்ததும் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அன்றைக்கு நம்ம புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் கையில்தான் இருந்தது. நிர்வாகம் நம் கைக்கு வந்தது 1954 நவம்பர் 1-ஆம் தேதி, சட்டப்படி இணைந்தது 1962-இல். அந்த மேட்ச் நடந்த அன்று என் அப்பாவும் உங்கள் தாத்தாக்களும் பிரான்ஸ் கொடியின் கீழ் இருந்தவர்கள். நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள். பிரான்ஸ் முதலில் ஒரு கோல் போட்டது. 70-ஆம் நிமிடத்தில் சாரங்கபாணி ராமன் சமன் செய்தார். இரண்டு பெனால்டி கிடைத்தும் கோலாகவில்லை. ஆட்டம் முடிகிற நேரத்தில் இன்னொரு கோல் வாங்கி 2-1 என்று தோற்றோம். தோற்றாலும் ஊரே கைதட்டியது.

இப்போது நான் கேட்க வந்த கேள்விக்கு வருகிறேன். 1918-இல் பிறந்தவருக்கு 1948-இல் என்ன வயசு? முப்பது. முப்பது வயதில் அவர் இன்னும் மருத்துவ மாணவர்தான்! எம்.பி.பி.எஸ். முடித்தது 1950-இல், 32 வயதில். கல்லூரியில் சேர்ந்து எட்டு வருஷம் கழித்து.

நம் வீட்டுப் பிள்ளை 32 வயதில் டிகிரி முடித்தால் என்ன சொல்வோம்? கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரர் "தம்பி இன்னுமா படிக்குது?" என்று கேட்பார். ஆனால் ஆவ் அவர்களைத் தோற்றவர் என்று யாராவது சொல்வார்களா? கொஹிமா ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து, நாகாலாந்தின் சுகாதாரத் துறை இயக்குநராக உயர்ந்து, 1978-இல் ஓய்வு பெற்றவர். அப்பாவின் ஆசை நிறைவேறியது. கொஞ்சம் தாமதமாக நிறைவேறியது, அவ்வளவுதான்.

ஆகவே, அவர் படிப்புக்காகப் பந்தை விட்டார் என்று சொல்வது சரியில்லை. கல்லூரிக் காலம் முழுக்க இரண்டையும் பிடித்துக்கொண்டிருந்தார். ஆர்சனல் கதையை அந்த மெசேஜ் சொல்வதுபோல்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அப்படியே வைத்துக்கொண்டாலும் அவர் வேண்டாம் என்றது வெளிநாட்டு ஒப்பந்தத்தை மட்டும்தான். பந்தை அல்ல.

"ஒரு கோல்கூடப் போடறதில்ல" என்றாரே அந்த அப்பா, அதற்கும் ஒரு வார்த்தை. பிரான்ஸ் மேட்சின் ஸ்கோரில் ராமன் பெயர்தான் இருக்கும், ஆவ் பெயர் இருக்காது. தடுப்பவன் செய்த வேலை எந்தக் கணக்கிலும் ஏறாது. அவன் தவறவிட்டால் மட்டும்தான் எல்லோர் கண்ணிலும் படும். வீட்டில் சமைக்கிற பெண்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

இனி என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். பரீட்சை நெருங்கினால் பி.டி. பீரியடை வாங்கிக் கணக்குப் பாடம் நடத்திய டீச்சர்களில் நானும் ஒருத்தி. உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஒரு வருஷம் வட்டார விளையாட்டுப் போட்டிக்குத் தேர்வான ஒரு பையனின் பெற்றோரைக் கூப்பிட்டு, அனுப்ப வேண்டாம் என்று நானே சொன்னேன். அவன் போகவில்லை. அந்த வருஷம் அவன் கணக்கில் வாங்கிய மதிப்பெண் முந்தைய வருஷத்தைவிடக் குறைவு. அதை இன்றுவரை நான் மறக்கவில்லை.

அதற்காக அரியர் இருந்தால் பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். பந்து ஆடிப் பிழைப்பவர்கள் ஆயிரத்தில் ஒருவர்கூட இல்லை. அந்த எலக்ட்ரீஷியன் தலையில் மூத்த பெண் கல்யாணக் கடன் இருக்கிறது. மகன் ஒரு வருஷம் பிந்தினால் வீட்டுக்கு ஒரு வருஷச் சம்பளம் போகும். அந்தப் பயம் நியாயமானது.

அதனால் அந்தப் பையனுக்கே போன் செய்தேன். அரியர் எப்படி வந்தது என்று கேட்டேன். மூன்றில் இரண்டு பேப்பருக்கு இன்டர்னல் தேர்வு நடந்த நாட்களில் அவன் டீமோடு வெளியூரில் இருந்திருக்கிறான். ஓ.டி. கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும், தேர்வை வேறு நாளில் வைக்கச் சொல்லிக் கேட்கலாம் என்பது அவனுக்குத் தெரியவில்லை. மூன்றாவது கணக்கு. அது அவனுக்கு ஏறவே இல்லை. பந்தை விட்டாலும் ஏறாது. இதை வீட்டில் யாரும் அவனிடம் கேட்கவில்லை. மூன்று அரியர் என்றதும் திட்டிவிட்டார்கள், அதோடு சரி.

அமெரிக்கக் கல்லூரிகளில் ஃபுட்பால் என்று ஒன்று ஆடுகிறார்கள், பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற முரட்டு ஆட்டம். அங்கே நான்கு சீசன் ஆடி முடிக்க ஐந்து வருஷ அவகாசம் கொடுப்பது நெடுநாள் வழக்கமாக இருந்தது. அதே சமயம், குறிப்பிட்ட அளவு மதிப்பெண் இல்லாவிட்டால் களத்தில் இறங்க விடமாட்டார்கள். அந்த இரண்டும் சேர்ந்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. இங்கே நாம் மதிப்பெண்ணைக் கேட்கிறோம், அவகாசம் தருவதில்லை.

பெற்றோருக்கு என் யோசனை இதுதான். பந்தை விடு என்று சொல்லும் முன் அரியர் எதனால் வந்தது என்று உட்கார வைத்துக் கேளுங்கள். போட்டி அட்டவணையையும் தேர்வு அட்டவணையையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். ஒருமுறை கல்லூரிக்குப் போய் உடற்கல்வி இயக்குநரைப் பாருங்கள். ஒரு வருஷம் கெடு கொடுங்கள். அதற்குள் அரியர் குறையாவிட்டால் ஒரு செமஸ்டர் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லுங்கள், அப்போது அவனுக்கும் நியாயம் புரியும்.

என்னுடைய மாணவச் செல்வங்களில் கல்லூரிக் கணக்கு சொல்லித்தரத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். வாரத்தில் இரண்டு நாள் மாலை, பிராக்டிஸ் முடிந்ததும், அந்தப் பையன் என் வீட்டுத் திண்ணைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். யாராவது ஒருவர் வந்து சொல்லிக் கொடுங்கள். கூலி, காபியும் சுண்டலும்.

அவன் அப்பாவும் இதைப் படிப்பார் என்று எனக்குத் தெரியும். தம்பி, அடுத்த மேட்ச் நம்ம ஊரிலேயே நடந்தால் நீயும் நானும் போய்ப் பார்ப்போம். கோல் போடும் பக்கம் வேண்டாம். உன் பிள்ளை நிற்கிற பக்கமாக உட்காருவோம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்