எந்தத் தேதி? சொல்லி அனுப்புங்கள்!

செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி 1965-ம் ஆண்டு தொடங்கியது. அதன் ஆஸ்பத்திரிக்கு மாமல்லபுரம் கடற்கரையில் இருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். தூரம் சுமார் 30 கிலோ மீட்டர்.

இப்படித் தொலைவில் இருந்து வருகிறவரிடம், எந்த ஆஸ்பத்திரியானாலும், "அவசரம்தான், தேதியைப் பிறகு சொல்கிறோம்" என்று மட்டும் கூறி அனுப்பலாமா? கூடாது. மீனவர் கடலுக்குப் போவதா, வீட்டில் இருப்பதா? துணைக்கு வருகிறவர் எந்த நாள் கூலியை விடுவது? வீடே தவிக்கும்.

தேதி, நேரம், போகவேண்டிய அறை மூன்றையும் சீட்டில் தமிழில் எழுதிக் கொடுக்கவேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு வாயாலும் சொல்லவேண்டும். தேதி மாறினால் முன்கூட்டியே போன் செய்யவேண்டும். நோய் திடீரென்று அதிகமானால் காத்திராமல் 108-ஐக் கூப்பிடும்படியும் சொல்லவேண்டும்.

இதற்குப் புதுக் கட்டிடம் வேண்டாம். ஒரு துண்டுச் சீட்டும், இரண்டு நிமிடப் பேச்சும் போதும்.