பொருநைக் கரையில் மிதிவண்டிப் பயணம்

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் பொருநையாற்றின் இருகரையும் வரலாற்றுப் பெட்டகம். நாமோ அதனைப் பேருந்துச் சன்னல் வழியே கடந்து செல்கின்றோம்.

நெல்லையில் 1843இல் எழுந்த சுலோசன முதலியார் பாலத்திலிருந்து மிதிவண்டியில் கிழக்கே புறப்படுவோமாயின், கிருட்டிணாபுரத்துச் சிற்பங்கள், 1876இல் செருமானியர் யாகோர் அகழ்ந்த ஆதிச்சநல்லூர்த் தாழிக்காடு, ஆற்றின் கடைசி அணைக்கட்டான திருவைகுண்டம், முத்தால் புகழ்பெற்று இன்று கடலை விட்டு விலகி நிற்கும் பாண்டியர் துறைமுகம் கொற்கை, அரபுக் குதிரைகள் வந்திறங்கிய பழைய காயல் ஆகியவற்றை இரண்டே நாளில் நிதானமாகக் கண்டு திளைக்கலாம்.

ஆனால், கனரக ஊர்திகள் விரையும் நெடுஞ்சாலை மிதிவண்டிக்கு ஏற்றதன்று. வடகால், தென்கால் கரைகளைச் செப்பனிட்டு, ஊர்தோறும் வழிகாட்டிக் கற்கள் நடுதல் வேண்டும். உழவர்க்கும் பள்ளிச் சிறார்க்கும் அவ்வழியே பயன்தரும்.

பொழுதுபோக்கிற்குப் பொதுப்பணமா என வினவுவோர் உளர். கண்டறியாத ஒன்றைக் காக்க எவரும் முன்வருவதில்லை என்பதே நம் விடை. தாழிகள் புதைந்த மேட்டைத் தரிசு நிலமென்று எண்ணும் தலைமுறையிடம் அதனை எவ்வாறு ஒப்படைப்போம்?

அரசின் ஆணைக்குக் காத்திராமல், ஆண்டுக்கொரு முறையேனும் மாணவர் இவ்வழி சென்றுவர ஆசிரியப் பெருமக்களும் சமுதாயப் பெரியோரும் ஆவன செய்வார்களாக! ஏட்டில் படித்த கொற்கையை நம் இளைஞர் நேரில் காணட்டும்.