'சொல்லி அனுப்புறோம்' என்று ஒரு பொய்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. டி.வி.எஸ். 50-ஐ வாசலில் நிறுத்திவிட்டு ஒரு பெயின்டிங் மேஸ்திரி உள்ளே வருகிறார். வயது அறுபதைத் தொடும். சட்டைப் பையில் சின்ன நோட்டு, கையில் இஞ்ச் டேப். ஹால், இரண்டு பெட்ரூம், சமையலறை, மாடிப்படி என்று ஒன்று விடாமல் அளக்கிறார். பெட்ரூம் சுவரின் மேல் மூலையில் பெயின்ட் பொங்கி நிற்கிறது. அதை நகத்தால் சுரண்டிப் பார்க்கிறார். "சார், இதுக்கு மேல பட்டி பார்த்தா ஆறே மாசத்துல உரிஞ்சு கொட்டும். மாடியில தண்ணி இறங்குது. முதல்ல அதைப் பாருங்க" என்கிறார். சொன்னதோடு நிற்காமல் மாடிக்கும் ஏறி, மழைத்தண்ணீர்க் குழாயின் வாயருகே தளத்தில் ஓடியிருக்கும் விரிசலைக் காட்டுகிறார். ஒன்றேகால் மணி நேரம் ஆகிவிட்டது.

"மொத்தம் எவ்வளவுப்பா ஆகும்?"

ஒரு தொகை சொல்கிறார். வீட்டுக்காரர் முகம் மாறாமல் தலையாட்டுகிறார். "சரி, வீட்ல கலந்துட்டு சொல்லி அனுப்புறோம்."

அந்தச் செய்தி வருவதே இல்லை. மூன்று வாரம் கழித்து அதே தெரு வழியாகப் போகும்போது, அந்த வீட்டு வாசலில் வேறு யாரோ ஒருவருடைய ஏணி. மாடியில் குழாய் வாயருகே புதுசாக சிமென்ட் பூசியிருக்கிறது. அவர் காட்டிய அதே இடத்தில்!

இது ஏதோ ஒரு வீட்டின் கதை அல்ல. பெயின்டர், கொத்தனார், பிளம்பர், எலக்ட்ரீஷியன், கார்பென்டர் என்று யாரை விசாரித்தாலும் இப்படி நாலு கதை கிடைக்கும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, யாரும் பணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. ஆனாலும் ஏதோ ஒன்று தப்பாக நடந்திருக்கிறது. அது என்ன?

சட்டப் புத்தகம் என்ன சொல்கிறது?

பி.காம். படிக்கும் எவருக்கும் இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872 தெரிந்திருக்கும். ஒருவர் முன்மொழிய வேண்டும், மற்றவர் அதை அப்படியே ஏற்க வேண்டும். அதற்கு முன் ஒப்பந்தமே இல்லை. விலை விசாரித்ததாலேயே யாரும் வேலை கொடுக்கக் கடமைப்பட்டவர் ஆகிவிட மாட்டார். ஆக, அந்த வீட்டுக்காரர் மேல் வழக்குப் போட முடியாது. சட்டப்படி அவர் சுத்தம்.

ஆனால் அதே பாடத்தில் இன்னொரு வழக்கும் வரும். ஹைட் எதிர் ரெஞ்ச், 1840. ரெஞ்ச் தன் பண்ணையை 1000 பவுண்டுக்குத் தருவதாகச் சொன்னார். ஹைட் 950 தருகிறேன் என்று பேரம் பேசினார். ரெஞ்ச் முடியாது என்றதும், சரி, அந்த 1000-க்கே எடுத்துக்கொள்கிறேன் என்றார் ஹைட். நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. 950 என்று சொன்ன நொடியே 1000 என்ற முன்மொழிவு செத்துப்போய்விட்டது என்பது தீர்ப்பு.

நம் ஊர் வீட்டு வாசலில் இதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. மேஸ்திரி 40,000 சொல்வார். "35-க்கு முடிச்சுக் குடுப்பா" என்பார்கள். அவர் முடியாது என்று போய்விடுவார். நாலு இடம் விசாரித்து எங்கேயும் படியாமல் ஒரு மாதம் கழித்துக் கூப்பிட்டு, "அன்னைக்கு நீ 40 சொன்னியே, அதுக்கே வா" என்பார்கள். இதற்குள் பெயின்ட் விலை ஏறியிருக்கலாம், ஆட்கள் வேறு வேலையில் மாட்டியிருக்கலாம். அவர் 42 கேட்டால் "வாக்கு மாறுறான்" என்று பெயர். உண்மையில் அந்த 40-ஐ உடைத்தது யார்?

இலவசம் என்று எதுவும் இல்லை

"வந்து பார்த்துட்டுப் போறதுக்கு என்ன காசா, பணமா?" என்று கேட்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மேஸ்திரி நாலு வீட்டுக்குப் போய் அளந்தால் ஒரு வீடு கைகூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வீட்டுக்கும் போக, வர, அளக்க, கணக்குப் போட அரை நாள். நாலு வீட்டுக்கு இரண்டு நாள். ஒரு நாள் கூலி 1000 ரூபாய் என்று கொண்டால், பெட்ரோல் சேர்க்காமலே 2000 ரூபாய். இதை அவர் எங்கே போய் எடுப்பார்? வேலை கொடுத்த அந்த ஒரு வீட்டில்தான் எடுக்க முடியும். காஸ்ட் அக்கவுன்டிங்கில் ஓவர்ஹெட் என்று படிப்பது இதைத்தான்.

அதாவது, சும்மா தெரிந்துகொள்ளலாம் என்று ஆறேழு பேரை வரவழைக்கும் வீட்டின் செலவை, எங்கோ இன்னொரு தெருவில் ஒழுங்காக வேலை கொடுத்த குடும்பம் கட்டுகிறது. அங்கேயும் எடுக்க முடியாவிட்டால் மேஸ்திரியின் வீட்டு அரிசியில்தான் குறையும்.

இதை விடப் பெரிய இழப்பு காத்திருப்பது. வெளிப்பூச்சு வேலைக்கு ஒரு காலம் உண்டு. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அப்போது வெளிச்சுவரில் கை வைக்க முடியாது. பொங்கலுக்கு முன்னாலும் கல்யாண சீசனிலும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஆள் வேண்டும். அந்தச் சமயத்தில் "சொல்லி அனுப்புறோம்" என்ற வார்த்தையை நம்பி ஒரு வாரத்தை ஒதுக்கி வைத்தவர் வேறொரு வேலையை விட்டிருப்பார். வாய்ப்புச் செலவு என்று பொருளாதாரப் புத்தகத்தில் ஒரு வரியில் போய்விடுகிறது. அவருக்கு அது ஒரு வாரக் கூலி, அவரோடு வரும் நாலு பேருக்கும் ஒரு வாரக் கூலி.

"விசாரிப்பது எங்கள் உரிமை"

கண்டிப்பாக உரிமைதான்! கடன் வாங்கி வீடு கட்டியவர் பத்துப் பைசாவையும் எண்ணித்தான் செலவழிக்க முடியும். முதலில் வந்தவரிடமே கண்ணை மூடிக்கொண்டு வேலையைக் கொடுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கடையில் ஒட்டியிருக்கும் விலையைப் படிப்பதும், ஒரு மனிதரை வரவழைத்து அளக்க வைப்பதும் ஒன்றல்ல. முன்னதில் யாருடைய நேரமும் போகவில்லை. பின்னதில் ஒருவருடைய அரை நாளும், முப்பது வருஷ அனுபவமும் செலவாகிறது.

அரசாங்கம் கூட இதை ஒரு ஒழுங்கோடுதான் செய்கிறது. தமிழ்நாட்டில் இதற்காகவே 1998-ல் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் கொண்டுவந்தார்கள். என்ன வேலை, என்ன அளவு என்பது எல்லோருக்கும் ஒன்றாகவே எழுதிக் கொடுக்கப்படும். விலைப்புள்ளிகளை ரகசியமாக வாங்கி, குறித்த நேரத்தில் ஒன்றாகப் பிரிப்பார்கள். ஒருவர் எழுதிய தொகையை இன்னொருவரிடம் முன்கூட்டியே காட்டுவது முறைகேடு. அதிலும் கோளாறுகள் நடக்கின்றன என்பது வேறு விஷயம். ஆனால் அங்கே முறைகேடு என்று சொல்லப்படும் அதே காரியம் வீட்டில் நடந்தால் சாமர்த்தியம் ஆகிவிடுகிறது. "அவர் 38 சொல்லியிருக்கார், நீங்க எவ்வளவு குறைப்பீங்க?"

இப்படிக் குறைத்த தொகை எங்கிருந்து வரும் என்று நினைக்கிறீர்கள்? இரண்டு கோட் பட்டி ஒரு கோட் ஆகும். பிரைமரில் தண்ணீர் கூடும். விலை குறைந்தது போலத் தெரியும். குறைந்தது வேலை!

அப்படியானால் எப்படிக் கேட்பது?

1. வேலை உண்டா இல்லையா என்பதை முதலில் வீட்டுக்குள் முடிவு செய்ய வேண்டும். உத்தேசம் மட்டும் வேண்டுமென்றால் போனிலேயே கேட்கலாம். "இப்போ வேலை இல்லை, அடுத்த வருஷம் செய்யலாம்னு இருக்கோம், சுமாரா எவ்வளவு ஆகும்?" என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் முகம் சுளிக்காமல் சொல்வார்கள்.

2. மூன்று பேர் போதும். அதை மறைக்கவும் வேண்டாம். "இன்னும் ரெண்டு பேர்கிட்ட கேட்டிருக்கோம்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால், எவ்வளவு நேரம் செலவழிப்பது என்பதை அவரே முடிவு செய்துகொள்வார்.

3. மூன்று பேரிடமும் ஒரே வேலையைக் கேட்க வேண்டும். எத்தனை கோட் பட்டி, எத்தனை கோட் பெயின்ட், எந்த ரகம், லேபர் மட்டுமா மெட்டீரியலோடா, மேல்தளம் சேர்த்தா என்று ஒரு தாளில் எழுதி வைத்தால் போதும். 10-க்கு 10 அறையை 100 சதுர அடி என்று நினைத்துக்கொண்டு சண்டை போடுபவர்கள் இருக்கிறார்கள். பத்தடி உயரம் என்றால் நாலு சுவரும் 400, மேல்தளம் 100, ஆக மொத்தம் 500 சதுர அடி. 7-க்கு 3 கதவும், 4-க்கு 4 ஜன்னலும் கழித்தால் 463. சதுர அடிக்கு 20 ரூபாய் என்று வைத்தாலும் கழிப்பதற்கும் கழிக்காததற்கும் ஓர் அறைக்கே 740 ரூபாய் வித்தியாசம். இதை முன்னாலேயே பேசிவிட்டால் கடைசி நாளில் வாசலில் நின்று கத்த வேண்டாம்.

4. ஜி.எஸ்.டி.யையும் கேட்டுவிட வேண்டும். 2017 ஜூலையிலிருந்து இந்த வரி இருக்கிறது. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம் என்பதால், சின்ன மேஸ்திரிகள் பலரிடம் பதிவு இருக்காது. பதிவு செய்த கம்பெனியின் தொகையையும் தனி மேஸ்திரியின் தொகையையும் ஒப்பிடும்போது வரி சேர்த்தா சேர்க்காமலா என்று தெரியாவிட்டால் அந்த ஒப்பீட்டுக்கே அர்த்தமில்லை.

5. ஒருவர் வரைந்து கொடுத்த படத்தை இன்னொருவர் கையில் கொடுக்கக் கூடாது. மாடுலர் கிச்சனுக்கு அளவெடுத்து, அலமாரி எங்கே, சிங்க் எங்கே என்று வரைந்து தருவது தனி வேலை. அது பிடித்திருக்கிறது, ஆனால் ஆள் வேண்டாம் என்றால் வரைந்ததற்குக் கூலி கொடுத்துவிட்டு வாங்கிக்கொள்ளலாம். அந்த மேஸ்திரி கண்டுபிடித்த விரிசலும் இந்தக் கணக்கில்தான் வரும்.

6. ஆட்கள் வந்து இறங்கிய பிறகு பேரம் கூடாது. பேசுவதெல்லாம் அட்வான்ஸ் கைமாறும் முன்பே. சாமானோடு வந்து நிற்பவரால் திரும்பிப் போக முடியாது என்று தெரிந்துகொண்டு விலையைக் குறைப்பதற்குப் பேரம் என்று பெயரில்லை.

7. கடைசியாக, முக்கியமாக, "இல்லை" என்பதைச் சொல்லிவிட வேண்டும். "அண்ணே, வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டோம், அடுத்த தடவை பார்ப்போம்." இவ்வளவுதான். பத்து நொடி. இதற்குக் கூச்சப்பட்டுக்கொண்டு போனை எடுக்காமல் விடுபவர்கள் தாங்கள் நாகரிகமாக நடந்துகொள்வதாக நினைக்கிறார்கள். கேட்பவருக்கு "இல்லை" வலிக்காது, பழகிய வார்த்தை. பதிலே வராததுதான் வலிக்கும்.

இன்னொரு விஷயம்

கொட்டேஷன் கேட்கும் மரியாதை பணத்தோடு முடிவதில்லை. வங்கியிலிருந்து வரும் இருபத்தைந்து வயதுப் பையனுக்கு "வாங்க சார், உட்காருங்க." அறுபது வயது மேஸ்திரிக்கு "என்னப்பா, எப்ப வர்ற?" அவர் வீட்டுக்காரரை விடப் பதினைந்து வயது மூத்தவராக இருந்தாலும் நிற்கத்தான் வேண்டும், நாற்காலி நகராது. ஒரு செம்பு தண்ணீர் கொடுக்கவும் கேட்க வேண்டியிருக்கிறது. அந்த "சொல்லி அனுப்புறோம்" இங்கேதான் பிறக்கிறது. "சார்" என்று கூப்பிட்டவரிடம் பதில் சொல்லாமல் இருக்க யாருக்கும் மனசு வராது. "வாப்பா போப்பா" என்று பேசியவரிடம் அது சுலபம். ஒருவருடைய நேரத்தை மதிக்காததற்கு முன்னால் அந்த ஆளை மதிக்காதது நடந்து முடிந்துவிடுகிறது.

மேஸ்திரிகள் பக்கம் குறையே இல்லையா? இருக்கிறது. காலையில் வருகிறேன் என்று சொல்லி மூன்று நாள் கழித்து வருவது, வாய்க்கணக்காகத் தொகை சொல்லிவிட்டு நடுவில் "அது இதுல சேராது சார்" என்பது, அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு அடுத்த தெருவில் வேலையை ஆரம்பிப்பது என்று வீட்டுக்காரர்களிடமும் நிறைய கதைகள் உண்டு. எழுதிக் கொடுங்கள் என்று கேட்கவும், எழுதியதற்கு மேல் கொடுக்க மறுக்கவும் அவர்களுக்கு முழு உரிமை இருக்கிறது. ஆனால் முதலில் அழைப்பது யார்? வீட்டுக்காரர்தான். வாசலைத் திறந்துவிடுபவரிடமிருந்துதான் ஒழுங்கும் ஆரம்பிக்க வேண்டும். ஒழுங்காகக் கேட்ட வீட்டுக்கு ஒழுங்கான ஆள் இரண்டாம் தடவையும் வருவார். நாலு பேரை அலைய விட்ட வீட்டின் பெயர், டீக்கடை பெஞ்சில் நாலு மேஸ்திரிகள் உட்கார்ந்தால் வெளியே வந்துவிடும். அந்த வீட்டுக்குச் சொல்லும் தொகையே பிறகு வேறாக இருக்கும்.

அந்த மேஸ்திரி இன்னும் அதே தெரு வழியாகத்தான் போய் வருகிறார். அடுத்த மழையில் எங்காவது ஒழுகினால் அந்த வீட்டிலிருந்து போன் போகும். அவரும் வருவார், இஞ்ச் டேப்போடு. ஆனால் இந்தத் தடவை விரிசல் எங்கே என்று காட்டுவாரா என்பது சந்தேகம்தான்.