விழுற பல்லுத்தானே?

ஆவணி விடுமுறைக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். இரண்டாம் நாள் சாமத்தில அக்காவின் மகள் எழும்பிக் குழறத் தொடங்கினாள். ஐந்து வயது. ஒரு பக்கத்துக் கன்னம் வீங்கி, கண் சிறுத்துப்போய் இருந்தது. அம்மா கராம்பைத் தேடினா. அத்தான் மோட்டார்சைக்கிள் திறப்பைத் தேடினார். அக்கா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு விறாந்தையில் நடந்துகொண்டே இருந்தா. விடிஞ்ச பிறகு எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு மாமி கேட்டா: "விழுற பல்லுத்தானே பிள்ளை, அதுக்கேன் இவ்வளவு அந்தரம்?"

மாமியில் எனக்குக் கோபம் இல்லை. அந்த வசனத்தில்தான் கோபம். எங்கட வீடுகளில் பிள்ளைகளின் பல்லை யாரும் கவனிக்காமல் விடுவதற்கு அதுதான் அனுமதிப் பத்திரம்.

விழுந்த பல்லைக் கூரையில் எறிந்து அணிலிடம் புதுப்பல் கேட்பது நல்ல வழக்கம்தான். நானும் எறிந்திருக்கிறேன். ஆனால் முன்பற்கள்தான் ஆறு, ஏழு வயதில் விழும். கடைவாய்ப் பாற்பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரைக்கும் இருக்கும். அதாவது இந்தப் பிள்ளை அந்தச் சூத்தைப் பல்லோடு இன்னும் ஐந்தாறு வருடம் சோறு தின்ன வேண்டும், பள்ளிக்கூடம் போக வேண்டும், நித்திரை கொள்ள வேண்டும். நேரத்துக்கு முதல் பிடுங்கினால் பக்கத்துப் பற்கள் அந்த இடைவெளிக்குச் சாய்ந்துவிடும். பிறகு முளைக்கிற பல்லுக்கு இடம் இல்லை.

இதைவிடப் பெரிய ஏமாற்று ஆறு வயதில் நடக்கிறது. அந்த வயதில் பாற்பற்களுக்கெல்லாம் பின்னால் ஒரு பெரிய பல் முளைக்கும். அது வர எந்தப் பல்லும் விழுவதில்லை. அதனால் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. பார்த்தாலும் அதையும் பாற்பல்லோடு சேர்த்து எண்ணிவிடுவார்கள். அது நிரந்தரப் பல். சாகும் வரைக்கும் இருக்க வேண்டியது. என்னுடையது பதின்மூன்று வயதில் போய்விட்டது. அது சூத்தை விழுந்து கறுத்தபோது என் வீட்டிலும் இதே வசனத்தைத்தான் சொன்னார்கள். இப்போதும் சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போகிறது. கம்பஸில் எடுத்த குறூப் போட்டோக்களில் என்னைத் தேடிப் பாருங்கள், வாயை மூடிக்கொண்டு நிற்பது நான்தான்.

சரி, பிழை யாருடையது? உடனே வரும் பதில்: "பிள்ளை ஒழுங்காப் பல்லுத் தீட்டுறேல்ல." ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சப்பாத்து நூல் கட்டத் தெரியாது. அந்தக் கையில் பிரஷைக் கொடுத்து, கடைவாயின் உள்பக்கத்தைத் தீட்டு என்று சொல்லிவிட்டு, பிறகு குற்றமும் சாட்டுகிறோம். ஏழு, எட்டு வயது வரைக்கும் பெரியவர் ஒருவர் தீட்டிவிட வேண்டும் என்றுதான் பல் வைத்தியர்கள் சொல்கிறார்கள். 'பிள்ளைக்கு நல்ல பழக்கம் பழக்குவது' என்று நாங்கள் சொல்வது உண்மையில் பெரியவர்களுக்கு இருக்க வேண்டிய பழக்கம்.

பெரியவர்களுக்கும் பாதிப் பழக்கம்தான் இருக்கிறது. காலமை பல்லுத் தீட்டாமல் தேத்தண்ணி குடித்தால் வீட்டில் பேச்சு விழும். சாமி அறைக்குப் போகவும் விடமாட்டார்கள். அது துப்பரவு, மரியாதை சம்பந்தப்பட்ட விஷயம். இரவுத் தீட்டலுக்கு அப்படிக் காவல் காக்க ஒருவரும் இல்லை. ஆனால் பல்லுக்கு முக்கியமானது இரவுதான். நித்திரையில் உமிழ்நீர் குறைந்துவிடும், வாயில் மிஞ்சின சீனியைக் கழுவ ஒன்றும் இருக்காது. நாங்களோ சீனி போட்ட பால்மாவைப் போத்திலில் ஊற்றி, சூப்பியபடியே பிள்ளையைத் தூங்க வைக்கிறோம்.

விளம்பரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரஷின் முழு நீளத்துக்கும் பற்பசையைச் சுருள் சுருளாய்ப் பிதுக்கிக் காட்டுவார்கள். மூன்று வயதுக்குக் கீழே ஒரு அரிசியளவு போதும், அதற்கு மேலே ஒரு பட்டாணியளவு. தீட்டி முடிய நுரையைத் துப்பினால் சரி. வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் பல்லில் தங்க வேண்டிய புளோரைட்டும் போய்விடும்.

"அந்தக் காலத்தில வேப்பங்குச்சியும் உமிக்கரியும்தானே, ஆருக்குப் பல்லுக்கொதி வந்தது?" என்று ஒரு கூட்டம் வரும். வந்தது, அம்மம்மாவைக் கேளுங்கள். அதோடு அந்தக் காலத்தில் முடக்குக்கு முடக்குச் சீனித் தண்ணீர் விற்கவில்லை. 2016இலிருந்து மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிற அடையாளம் இருக்கிறது. சிவப்பு அடையாளம் இட்ட போத்தலைத்தான் பிறந்தநாள் வீட்டில் நேர்சரிப் பிள்ளையின் கையில் கொடுக்கிறோம். இதில் நாங்களும் சேர்த்தி. கம்பஸிலிருந்து வீட்டுக்குப் போகும்போது மருமக்களுக்கு வாங்கிக்கொண்டு போவது என்ன? நான் அன்றைக்குக் கொண்டுபோன பையில் இரண்டு பெரிய சொக்லேட் இருந்தது.

எல்லாவற்றையும் வீட்டின் தலையில் போடவும் நான் தயார் இல்லை. இந்த நாட்டில் 1950களிலிருந்து பாடசாலைப் பற்சிகிச்சைச் சேவை இருக்கிறது. அதற்கென்றே மகரகமவில் ஆட்களைப் பயிற்றுகிறார்கள். காசும் இல்லை. இலவசமாக இப்படி ஒன்று இருப்பது சின்ன விஷயம் இல்லை. ஆனால் என் பள்ளிக்கூடத்தில் 'பல்லு மிஸ்' வாறா என்றால் பெடியள் கக்கூசுக்குள் ஒளிப்பார்கள். ஏனென்றால் வீட்டில் எல்லாரும் "சோறு தின்னாட்டி ஊசி போடுவிப்பன், பல்லுப் பிடுங்குவிப்பன்" என்று வெருட்டி வளர்த்திருக்கிறோம். எனக்கும் ஒருமுறை, கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லித் துண்டு தந்தார்கள். கிளினிக் காலமையில். அம்மாவுக்குக் காலமையில்தான் கூலிவேலை. ஒரு நாள் சம்பளமா, மகளின் பல்லா என்று கேட்டால், "விழுற பல்லுத்தானே" என்ற வசனம் அம்மாவுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்று இப்போது விளங்குகிறது. பின்னேரத்திலும் சனிக்கிழமையிலும் கிளினிக் திறக்கச் சொல்லி நாங்கள் ஏன் கேட்கக்கூடாது? எத்தனையோ விஷயத்துக்கு மகஜர் கொடுக்கிறோம்.

துண்டுப்பிரசுரங்களிலும் எப்போதும் ஒரு தாயின் படம்தான். தகப்பனுக்குக் கை இல்லையா? இதை அன்றைக்கு வீட்டில் கேட்டேன். அக்கா சிரிச்சா. "சமைச்சு, உடுப்புத் தோய்ச்சு, இனி இதுவுமா எனக்கு? உன்ர அத்தானிட்டச் சொல்லு" என்றா.

அத்தானிடம் சொன்னேன். இப்போது இரவில் பிள்ளையை மடியில் சாய்த்து, போன் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு அவர்தான் தீட்டிவிடுகிறார். கிரிக்கெட் மேட்ச் இருக்கிற நாட்களில் மறந்துபோகிறாராம். பிள்ளைதான் பிரஷைத் தூக்கிக்கொண்டு போய் டீவிக்கு முன்னால் நிற்கிறாளாம்.