அடைக்கோழியின் பிடிவாதம்

திருக்கோவிலில் எமது வீட்டுப் புறவளவிலே பேடு ஒன்று அடைக்குக் கிடந்தது. முட்டைகளை எடுத்துவிட்டோம்; வெறுங் கடகத்தை விட்டும் அது எழவில்லை. அடை மறக்கக் கோழியை நீரில் அமிழ்த்துவதும், மூக்கில் இறகு செருகுவதும் நம்மவர் வழக்கம். நாமும் நீரில் அமிழ்த்தினோம். நடுநடுங்கியபடியே அது கடகத்துக்குத் திரும்பியபோது வெட்கினோம். அது பிடிவாதமன்று, புரோலாக்டின் என்னும் உடற்சுரப்பின் ஏவல்.

குஞ்சு வேண்டுவோர், சேவலோடு திரியும் கோழிகளின் புதிய முட்டைகள் பத்துப் பன்னிரண்டை வைத்து, 21 நாள் பொறுத்திருத்தல் வேண்டும். நாள்தோறும் தாய் ஒருமுறையேனும் இறங்கித் தீன் தின்று நீர் குடிக்கின்றதா என்று கவனிக்க, இன்றேல் மெலிந்துவிடும். ஏழாம் நாள் இரவு முட்டையை விளக்கொளியிற் பிடித்தால், கருவுற்றதிலே செந்நரம்புகள் தோன்றும். மூன்றாம் நாளிலேயே இதயம் செம்புள்ளியாய்த் துடிப்பதை, 2300 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில் எழுதிவைத்தார்.

குஞ்சு வேண்டாதவர், அடியிற் காற்றுப் புகும் கம்பிக் கூட்டில், வைக்கோல் இடாமல், தீனும் நீரும் வைத்துப் பேட்டைச் சில நாள் விடுக. வயிற்றுச் சூடு தணிய, அடையும் மறக்கும். எமது பேடும் அவ்வாறே மீண்டது. தாய்மையைத் தண்டிப்பானேன்?