விளக்கைப் போட்டுப் பேசுவோம்



பல வீடுகளில் விளக்கை அணைத்த பிறகுதான் கதை தொடங்கும். காது கேளாத குழந்தை இருக்கும் வீட்டில் விளக்கை அணைத்தால் பேச்சே நின்றுவிடும். கையும் முகமும் கண்ணுக்குத் தெரிந்தால்தான் அங்கே பேச்சு. அந்தக் குழந்தை சில வாரங்களுக்கு முன்புதான் காப்பகத்திலிருந்து தத்துப்பிள்ளையாக வந்திருக்கிறது என்றால் இருட்டு இன்னும் கனக்கும். பக்கத்தில் படுத்திருப்பது யார், காலையில் இவர்கள் இருப்பார்களா என்று அதற்குத் தெரியாது. “அம்மா இங்கதான் இருக்கேன்டா” என்ற குரல் அதனிடம் போய்ச் சேராது. மே மாத இரவில் நம் சென்னைப் புறநகரில், சேலையூரிலோ பெருங்களத்தூரிலோ கரண்ட் போனால், டார்ச்சைப் பிள்ளையின் முகத்தில் அடிக்காமல் தன் முகத்தில் அடித்துக் காட்ட வேண்டும் என்பதை அந்த வீட்டு அம்மா விரைவில் கற்றுக்கொள்வார்.

பகலிலும் அப்படித்தான். அம்மா அடுக்களைக்குப் போனால் பாத்திரச் சத்தமும் குக்கர் விசிலும் அவர் அங்கே இருப்பதைக் கூடத்தில் விளையாடும் பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். காது கேளாத பிள்ளைக்குக் கண்ணிலிருந்து மறைந்தவர் போய்விட்டவர்தான். ஏற்கெனவே ஒருமுறை எல்லாரையும் இழந்துவிட்டு வந்த பிள்ளைக்கு அது சின்ன விஷயம் இல்லை. அலறும், கடிக்கும், கையில் இருப்பதை எறியும். “பிடிவாதக்காரப் பிள்ளை” என்று சொல்வதற்கு முன்னால், அறையை விட்டுப் போகும் ஒவ்வொரு முறையும் அதன் எதிரில் உட்கார்ந்து, கண்ணைப் பார்த்து, ‘போய்விட்டு வருகிறேன்’ என்று கையால் காட்டிவிட்டுப் போங்கள். சொன்னபடி திரும்பி வாருங்கள். நம்பிக்கை அப்படித்தான் வளரும். ஆனால் மாதக்கணக்கில் ஆகும்.

தத்துக் குழந்தைக்காகப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் தம்பதிகள் நம் வாசகர்களிலும் இருக்கிறீர்கள். இன்னொரு பக்கம், சிறப்புத் தேவையுள்ள குழந்தைகள் குடும்பத்துக்காகக் காத்திருக்கிறார்கள். இவர்களை நம் நாட்டுக் குடும்பங்களைவிட வெளிநாட்டுக் குடும்பங்களே அதிகம் தத்தெடுக்கின்றன. இதை எழுதும்போது மனம் வலிக்கிறது. 1992-இல், கைவிடப்படும் குழந்தைகளை அரசே வாங்கிக்கொள்ளும் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கிய மாநிலம் நம்முடையது. பிள்ளையை வாங்கித் தொட்டிலில் போட்டுக் காப்பாற்றத் தெரிந்த ஊருக்கு, காது கேளாத பிள்ளையை மடியில் வாங்கிக்கொள்ளவும் தெரிய வேண்டாமா?

சட்டம் முன்பு போல அலைக்கழிப்பதில்லை. 2021-இல் திருத்தப்பட்ட இளைஞர் நீதிச் சட்டத்தின்படி, தத்து ஆணையை இப்போது நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் உள்ள தம்பதிகளும் சிறப்புத் தேவையுள்ள குழந்தையைத் தத்தெடுக்க விண்ணப்பிக்கலாம். பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகு தத்து நிறுவனத்தார் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாக இரண்டு ஆண்டுகள் வந்து பார்ப்பார்கள். அதைச் சோதனை என்று நினைத்து வீட்டைத் துடைத்துவைத்துக் காத்திருக்க வேண்டாம். படும் சிரமத்தை மனம் திறந்து சொல்வதற்குக் கிடைக்கும் வாய்ப்பு அது.

நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது மொழியைப் பற்றி. பிறந்து ஒரு மாதத்துக்குள் செவிப் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் குறையை உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் பயிற்சி என்று மருத்துவ உலகம் கணக்கு வைத்திருக்கிறது. காப்பகத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இந்த மூன்று கெடுவும் பெரும்பாலும் தவறிப்போயிருக்கும். கூப்பிட்டால் திரும்பாத குழந்தை ‘தன் பாட்டுக்கு விளையாடும் சமர்த்து’ என்று பெயர் வாங்கிவிடும். நாலு வயதில் அது நம் வீட்டுக்கு வரும்போது தண்ணீருக்கு ஒரு சொல் இருக்காது, நேற்று என்பதற்கும் நாளை என்பதற்கும் சொல் இருக்காது. தனக்கு ஒரு பெயர் இருப்பதுகூடத் தெரியாமல் இருக்கலாம். காதைவிடப் பெரிய அவசரம் இந்த மொழியின்மைதான்.

ஆனால் அந்தப் பிள்ளை வெறுங்கையோடும் வருவதில்லை. பசி, தூக்கம், பாத்ரூம் என்று காப்பகத்து ஆயாவுக்கும் அதற்கும் இடையில் சில சைகைகள் ஓடிக்கொண்டிருக்கும். அழைத்து வரும் நாளில் கையெழுத்துப் போட்ட கையோடு அந்த ஆயாவிடம் போய் உட்காருங்கள். ஒவ்வொன்றையும் செய்துகாட்டச் சொல்லி செல்போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். அது படுத்த கட்டில், சாப்பிட்ட தட்டு, கூட இருந்தவர்கள் எல்லாவற்றையும், அவர்கள் அனுமதித்தால், படம் எடுத்துவையுங்கள். ‘நீ எங்கிருந்து எங்களிடம் வந்தாய்’ என்ற கதையை இந்தப் பிள்ளைக்கு வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. அந்த ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்த்துத்தான் அது தன் கதையைத் தெரிந்துகொள்ளும்.

பிறகு வரும் கேள்வி: பேச்சா, சைகையா? அடையாறில் 1969-இல் தொடங்கிய பாலவித்யாலயா, சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குக் காதுக் கருவியோடு பேச்சைப் பழக்கும் பள்ளி. அங்கே அம்மாவும் கூடவே உட்கார்ந்து கற்க வேண்டும். அங்கிருந்து சாதாரணப் பள்ளிகளுக்குப் போய்ப் படித்தவர்கள் பலர். சாந்தோம் சி.எஸ்.ஐ. பள்ளி, லிட்டில் ஃபிளவர், அடையாறு செயின்ட் லூயிஸ் போன்றவை காது கேளாத பிள்ளைகளைத் தலைமுறைகளாகப் படிக்கவைத்து வருகின்றன. உள்காதில் கருவி பொருத்தும் காக்ளியர் இம்பிளான்ட் அறுவை சிகிச்சை ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் செய்யப்படுகிறது. அதற்குக் குடும்ப அட்டையில் பிள்ளையின் பெயர் ஏற வேண்டும்; பெயர் ஏறத் தத்து ஆணை வேண்டும். காகிதம் நகரும் வேகத்துக்கு வயது காத்திருக்காது என்பதால், முதல் வாரத்திலேயே இந்த வேலையைத் தொடங்குங்கள். அறுவை முடிந்த பிறகும் பேச்சுப் பயிற்சி ஆண்டுக்கணக்கில் தொடரும். கேபிள், பேட்டரி என்று செலவும் தொடரும்.

எந்த வழியில் போனாலும் சைகையை நிறுத்திவைக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. “கை பேசிப் பழகினால் வாய் பேசாது” என்று இன்னமும் பெற்றோரைப் பயமுறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். சைகை பேச்சைத் தடுக்கும் என்பதற்குச் சரியான ஆதாரம் எதுவும் இல்லை. கருவி பொருத்தி, பேச்சு புரிந்து, வாய் திறக்க ஒன்றிரண்டு ஆண்டுகள் ஆகலாம். அதுவரை, பயமாக இருக்கிறது என்பதை அந்தப் பிள்ளை எதைக்கொண்டு சொல்லும்? டெல்லியில் 2015-இல் தொடங்கப்பட்ட இந்திய சைகை மொழி மையம் 10,000 சொற்கள் கொண்ட அகராதியை வீடியோவாகவே தந்திருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து இலவசமாகப் பார்க்கலாம். அதைவிட மேல், காது கேளாத பெரியவர் ஒருவரை வாரம் ஒருமுறை வீட்டுக்கு அழைத்துச் சோறு போட்டுப் பேசவிடுவது. தன்னைப்போல ஒருவர் வேலைக்குப் போகிறார், பைக் ஓட்டுகிறார், சிரிக்கிறார் என்று பார்க்கும் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.

சைகை கற்பது அம்மாவின் வேலை என்று மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ளும் வீடுகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை. ராத்திரி எல்லாரும் சாப்பிட உட்கார்கிறார்கள். மாமா ஏதோ சொல்ல, தாத்தாவுக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு. பிள்ளை ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு ‘என்ன?’ என்று கேட்கிறது. “ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்.” அந்த அப்புறம் வருவதே இல்லை. காது கேளாத பெரியவர்கள் உலகம் முழுக்கத் தங்கள் பால்யத்தைப் பற்றிச் சொல்லும் பெரிய வருத்தம் இந்தச் சாப்பாட்டு நேரம்தான். ‘இவர்கள் என் ஆட்களா’ என்று இன்னும் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் தத்துப்பிள்ளைக்கு அது இரட்டை வலி. அந்தச் சிரிப்பை அங்கேயே, அப்போதே அதற்குச் சொல்லிவிடுங்கள். சைகை தெரியாவிட்டால் நடித்துக் காட்டுங்கள். பாட்டிகள் இதில் கெட்டிக்காரர்கள். கண்ணாலும் புருவத்தாலும் பேசிப் பழகியவர்கள் அவர்கள். வயதாகிவிட்டது என்று அவர்களை விட்டுவிடாதீர்கள்.

நம் ஊரே ஓரளவு கையால் பேசுகிற ஊர். தாம்பரம் ஸ்டேஷனில் ஒரு பிளாட்பாரத்திலிருந்து எதிர் பிளாட்பாரத்துக்கு ‘சாப்டாச்சா, நான் போறேன், போன் பண்ணு’ என்று அன்றாடம் சொல்லிக்கொள்கிறோம். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் பிள்ளையைக் கூட்டிப்போங்கள். கிளி, பூச்செடி, பழைய ஃபேன், மீன் தொட்டி என்று பொருளும் அதற்கான சைகையும் ஒரே இடத்தில் கிடைக்கும். பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். 2023 அக்டோபரில் ஊரப்பாக்கம் அருகே தண்டவாளத்தில் மின்சார ரயில் மோதி மூன்று சிறுவர்கள் இறந்தார்கள். அவர்களில் காது கேளாத சிறுவர்களும் இருந்ததாகச் செய்திகள் சொல்லின. பிழைப்புக்காக வெளிமாநிலத்திலிருந்து இங்கே வந்த குடும்பங்களின் பிள்ளைகள். தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கும் பழக்கம் நம் புறநகர் முழுக்க இருக்கிறது; பெரியவர்கள் செய்வதைப் பிள்ளைகள் செய்கிறார்கள். ஹாரன் கேட்காத பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மேம்பாலத்தில் ஏறிப் போங்கள். தெருமுனைக் கடைக்காரர், ஆட்டோக்காரர், அடுக்ககத்துக் காவலாளி எல்லாருக்கும் பிள்ளையை அறிமுகப்படுத்திவையுங்கள்.

உறவினர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். “போயும் போயும் இதையா எடுத்தீங்க?” என்று அந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு கேட்காதீர்கள். கேட்காது என்ற தைரியத்தில் கேட்கிறீர்கள். உங்கள் முகத்தை அது படித்துக்கொண்டிருக்கிறது. “பெரிய புண்ணியம்” என்றும் சொல்ல வேண்டாம். பிள்ளை வேண்டும் என்று ஆசைப்பட்டவர்களுக்குப் பிள்ளை கிடைத்திருக்கிறது. ‘வணக்கம்’, ‘உன் பெயர் என்ன’, ‘விளையாட வா’ என்ற மூன்றையும் சைகையில் கற்றுக்கொண்டு போய் நில்லுங்கள்.

செப்டம்பர் 23 உலக சைகை மொழி நாள். அந்த மாத இதழில் சில பக்கங்களை இதற்காக ஒதுக்க நினைக்கிறோம். தத்தெடுத்த பெற்றோர், பேத்திக்காக அறுபது வயதுக்கு மேல் சைகை கற்ற தாத்தா பாட்டிகள், ஆசிரியர்கள் எல்லாரும் எழுதுங்கள். காது கேளாத வாசகர்கள் அவசியம் எழுத வேண்டும்: சின்ன வயதில் உங்கள் வீட்டில் யார் உங்களோடு பேசினார்கள், எப்படிப் பேசினார்கள்? பிள்ளைகளின் பெயரும் படமும் வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்