பேலன்ஸ் இருக்கு... பணம் வராது!

கேரவன் என்றால் சினிமா நட்சத்திரம் ஏ.சி-யில் உட்கார்ந்து ஜூஸ் குடிக்கிற வண்டி என்றுதான் நமக்கெல்லாம் தெரியும். அந்த ஏ.சி. ஓட, வண்டியின் வயிற்றுக்குள் ஒரு டீசல் ஜெனரேட்டர் உறும வேண்டும். அது உறும, ஒரு பேட்டரி வேண்டும்.

எங்கள் கோட்டக்குப்பத்தில் ஒரு பாய் அப்படி ஒரு வண்டி வைத்திருக்கிறார். புதுச்சேரியில் ஷூட்டிங் இருந்தால் அங்கே. இல்லாவிட்டால் கல்யாணத்தில் பொண்ணுக்கு மேக்கப் ரூம். சமீபத்தில் பழைய லெட்-ஆசிட் பேட்டரியைக் கழற்றிவிட்டு லித்தியம் போட்டார். 'தண்ணி ஊத்த வேணாம், எடை கம்மி, வருஷக்கணக்கா உழைக்கும்' என்றாராம் கடைக்காரர். அத்தனையும் நிஜம்தான்.

திண்டிவனத்தில் ஒரு கல்யாணம். நானும் தொற்றிக்கொண்டேன். பொண்ணு உள்ளே போய் உட்கார்ந்தாச்சு. பாய் சுவிட்சைத் தட்டினார். 'டக்!' ஒரே ஒரு டக். எரிந்துகொண்டிருந்த லைட்டும் போச்சு. மீட்டர் வைத்தால் பூஜ்யம் வோல்ட்! மேக்கப் கரைய ஆரம்பிக்க, பொண்ணோட அம்மா பார்த்த பார்வையிலேயே ஒரு ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகியிருக்கும்.

"இத்தனை ஆயிரம் கொட்டி வாங்கினேனே தம்பி, செத்துப்போச்சே!"

சாகவில்லை. நான் பி.காம்., எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். பாங்க்கில் ஒரு லட்சம் இருக்கிறது. ஏ.டி.எம்-மில் மொத்தத்தையும் ஒரே இழுப்பில் கேட்டால் தருமா? பேட்டரி மேல் '100 ஏ.ஹெச்.' என்று போட்டிருப்பது பேலன்ஸ். ஒரு சமயத்தில் எத்தனை ஆம்பியர் எடுக்கலாம் என்பது லிமிட். டீசல் இன்ஜினைச் சுழற்ற ஸ்டார்ட்டர் மோட்டார் முதல் கணத்தில் 200, 300 ஆம்பியர்கூடக் கேட்கும். லெட்-ஆசிட், முனகிக்கொண்டே ஃபீஸ் கட்டுகிற அப்பா மாதிரி, எப்படியோ கொடுத்துவிடும். (1859-ல் காஸ்டன் பிளான்டே என்ற பிரெஞ்சுக்காரர் உருவாக்கியது. புதுச்சேரிக்குப் பக்கத்து ஊர்க்காரர்களான எங்களுக்கு அதன் மேல் தனிப் பாசம்!)

லித்தியத்துக்குள்ளோ பி.எம்.எஸ். என்று ஒரு எலெக்ட்ரானிக் காஷியர். பல 100 ஏ.ஹெச். பேட்டரிகளில் அவர் லிமிட்டும் சுமார் 100 ஆம்பியர்தான். சில செகண்ட் கொஞ்சம் கூடுதலாக விடுவார். மீறினால் ஷட்டரை இறக்கிவிடுவார். அதுதான் அந்தப் பூஜ்யம். லோடை எடுத்துவிட்டுக் கொஞ்சம் பொறுத்தால் மறுபடி திறப்பார்; சில பேட்டரிக்கு சார்ஜரைக் காட்ட வேண்டும்.

2011 டிசம்பரில் தானே புயல் அடித்து, நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே... அதிலிருந்து இந்தப் பக்கத்தில் எல்லோருமே அரை மெக்கானிக். கூட்டத்திலிருந்து ஒருவர், "அந்த பி.எம்.எஸ்-ஸைத் தூக்கிட்டு டைரக்டா கொடுங்க பாய்!" என்றார். பாய் ஸ்பானரைத் தேட ஆரம்பித்துவிட்டார். கையைப் பிடித்து நிறுத்தினேன். ஷார்ட் ஆனாலும், ஓவர்சார்ஜ் ஆனாலும் தடுக்க ஆள் அந்தக் காஷியர் ஒருத்தர்தான். அவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டால், செல் சூடேறி உப்பிப் புகை கக்கலாம். உள்ளே பட்டுப்புடவையில் ஒரு பொண்ணு உட்கார்ந்திருக்கிறது சார்!

கடைசியில் லித்தியத்தைக் கழற்றி வைத்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டு வேன் பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்து ஸ்டார்ட் செய்தோம். சம்பந்திகளுக்குள் முதல் கொடுக்கல் வாங்கல்!

இப்போது பாய் வண்டியில் ரெண்டும் இருக்கிறது. ஜெனரேட்டரைக் கிளப்ப மட்டும் சின்னதாக ஒரு லெட்-ஆசிட். லைட், ஃபேன், ஃப்ரிட்ஜுக்கு லித்தியம். வண்டியின் ஆல்டர்னேட்டரில் லித்தியத்தை நேரடியாகக் கொடுத்தால் அது ஒரேயடியாக உறிஞ்சி, ஆல்டர்னேட்டர் சூடாகிவிடும். அதனால் நடுவில் ஒரு டி.சி-டு-டி.சி. சார்ஜர்.

லித்தியத்திலேயே ஸ்டார்ட் பண்ணுவேன் என்று அடம்பிடிப்பவர்களுக்கு, அதற்கென்றே செய்த லித்தியமும் கிடைக்கிறது. கடையில் 'எத்தனை ஏ.ஹெச்.?' என்பதோடு விட்டுவிடாதீர்கள். 'பி.எம்.எஸ். எத்தனை ஆம்பியர் விடும், எத்தனை செகண்டுக்கு?' என்று கேளுங்கள். கடைக்காரர் திருதிருவென்று முழித்தால், அடுத்த கடை.